இரண்டு பேருக்கான படகுக் கூலி

அவனை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
ஆனால் மூன்று வருஷம்
அவன் என்ன தின்றான் என்று எனக்குத் தெரியும்.

ஹிரண்மய் பாக்சி. வயது இருபத்துமூன்று.
ஊர் பரிசால். படிப்பு பாதியில்.
இடது காதுமடலில் ஒரு வெட்டு.
கோப்பு எண் முந்நூற்றுப் பதினொன்று.
கல்கத்தாவில், காற்று ஏறிவராத மாடி அறையில்,
வேவுகாரர்களின் கோழிக்கிறுக்கலை
துரைக்குப் புரியும் இங்கிலீஷில் பெயர்த்தெழுதுவது என் வேலை.
மாதம் பதினெட்டு ரூபாய்.

காலை ஏழு: ஹேதுவா குளத்தில் குளித்தான்.
ஏழரை: காலணாவுக்குப் பொரி.
எட்டு: மாணவர் விடுதி. கதவு சாத்தியிருந்தது.
பத்து: சாத்தியே இருந்தது.
மாலை: தெருக்குழாயடியில் ஒரு பெண்ணுக்குக்
குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தான்.
துரை ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டார்,
குடத்தில் என்ன இருந்தது?
நான் பதில் எழுதினேன்:
தண்ணீர்.

அவன் பின்னால் போனவன் தாரக் மாஜி,
எங்கள் பட்டியலில் பதினேழு.
வலது காலைச் சற்று இழுத்து நடப்பான்.
சிராவண மழையில் ஒருநாள் எழுதியிருந்தான்:
'காலேஜ் தெரு முனையில் நின்றான்.
நான் வந்து சேரும்வரை நின்றான்.
பிறகு நடந்தான், மெதுவாக.'
இதை நான் நகலில் சேர்க்கவில்லை.
ஏனென்று யாராவது கேட்டிருந்தால்
தாளில் இடமில்லை என்றிருப்பேன்.

குண்டு செய்தானா?
செய்திருப்பான்.
விரல்நுனிகள் மஞ்சளாக இருந்ததாகத் தாரக் எழுதினான்.
சமையலுக்கு மஞ்சள் அரைத்திருக்கலாம் என்று
அவனே அடியில் சேர்த்தான்.
அந்த ஐப்பசியில் டாக்காவில் ஓர் இன்ஸ்பெக்டர் செத்தார்.
அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.
அதுவும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
என் கையெழுத்து அழகானது என்பார்கள்.

விடுதியை வளைக்க நாள் குறித்தாயிற்று.
முந்தின நாள் அறிக்கை:
'காய்ச்சல். நாள் முழுதும் படுத்திருந்தான். அசைவில்லை.'
விடிகாலையில் கதவை உடைத்தார்கள்.
ஒரு பாய், ஒரு லாந்தர்,
காகிதத்தில் கொஞ்சம் பொரி, நமுத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை செலவுச் சீட்டுகள் வந்தன.
டிராம், ஒன்றரை அணா. வெற்றிலை, காலணா.
பாக்பஜார் துறையிலிருந்து அக்கரைக்குப் படகு:
போக இரண்டு பேர்,
திரும்ப ஒருவர்.

பாவி, அதையும் எழுதியிருந்தான்.
காசு விஷயத்தில் பொய் வராது அவனுக்கு.

உப்பைத் தின்றவன் நான்.
வீட்டில் ஐந்து வாய்கள் தின்ற உப்பு.
'இரண்டு' என்ற சொல்லின்மேல் பேனா முனையை வைத்தேன்.
எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ,
மை ஊறிப் பரவி
எண் தெரியாமல் போயிற்று.
கூட்டுத்தொகையைத் திருத்தினேன்.
குறைந்த ஓரணாவை
என் பையிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தேன்.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.

இரண்டு மழை கழித்து
கோவாலந்தோ துறையில் ஒரு பிணம் ஒதுங்கியது,
தோளில் குண்டுக் காயத்தோடு.
காதுகளை மீன் தின்றுவிட்டது.
அடையாளம் சொல்லத் தாரக்கை அழைத்துப் போனார்கள்.
'இவன் இல்லை.'
நன்றாகப் பார்.
'இவன் இல்லை, ஹுஸூர்.'
திரும்பி வந்தவன் மாடிப்படியில் அமர்ந்து
இருட்டும்வரை காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.
ரயில், ஸ்டீமர், இரண்டு நாள் சாப்பாடு.
அந்தப் பயணத்துக்கு மட்டும்
அவன் செலவுச் சீட்டு தரவே இல்லை.

ஆகவே கோப்பு மூடப்படவில்லை.
நான் ஓய்வுபெறும்வரை, மாதாமாதம்,
முந்நூற்றுப் பதினொன்று: இருப்பிடம் தெரியவில்லை.
ஒருமுறை, மார்கழிக் குளிரில், தூக்கக் கலக்கமோ என்னவோ,
'காலையில் பொரி வாங்கினான்' என்று எழுதிவிட்டேன்.

துரை வாசித்துப் பார்த்து
கையெழுத்திட்டார்.